ஷிப்ட்டுக்கு நடுவே ஒரு ஜெப வேளை: ஜுரு தமிழ்க் கிறிஸ்தவரும் அன்றாடத் தியானமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ஜுரு. ஒரு பக்கம் ஜுரு ஆறும் அதன் கழிமுகத்தில் மீனவக் கிராமமும். மறுபக்கம் பிறை தொழிற்பேட்டையின் ஆலைகளும் கிடங்குகளும் ஆட்டோ சிட்டியும். கரும்பு, ரப்பர், செம்பனை என்று பயிர் மாறி மாறி வந்த வட்டாரம் இது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல, ஒன்றிரண்டு தலைமுறைக்குள் தோட்டத்திலிருந்து ஆலைக்கு வந்தவை. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்களும் இவர்களுள் உண்டு.

எந்தச் சபையானாலும் இவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்றுதான்: அதிகாலையில் எழுந்து, தனியே அமர்ந்து, வேதம் வாசித்து ஜெபியுங்கள். நல்ல அறிவுரை. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில், ஒரு வாரம் பகலும் மறுவாரம் இரவுமாக வேலை பார்க்கும் ஒருவர் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்? முடியாதவர் தம்மைப் பக்தி குறைந்தவர் என்று எண்ணிக்கொண்டு மெல்ல விலகிப் போகிறார். இந்தக் குற்ற உணர்வு தேவையற்றது. அதிகாலைத் தனித்தியானம் கிறிஸ்தவ மரபின் ஒரு கிளை மட்டுமே. அந்த மரபை, குறிப்பாகத் தமிழ்ச் சபையின் மரபை முழுதாகப் பார்த்தால், ஷிப்ட்டுத் தொழிலாளிக்கும் அதில் உரிய இடம் உண்டு.

மணி ஏழு, இன்னும் விடியவில்லை

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். ஜுரு ஏறத்தாழ 100 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. மலேசியாவின் கடிகாரமோ 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒன்றேகால் மணியளவில்தான். விடிவது, மாதத்தைப் பொறுத்து, ஏழு மணிக்கும் ஏழரைக்குச் சற்றுப் பிறகும். திருநெல்வேலியில் ஆண்டு முழுவதும் ஆறு மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள் விடிந்துவிடும்.

தமிழகத்திலிருந்து வரும் தியானப் புத்தகங்களும் பிரசங்கங்களும் ஐந்து மணிக்கு எழச் சொல்லும்போது, அங்கே அது விடியலுக்கு ஒரு மணி நேரம் முந்திய வேளை. ஜுருவில் விடிய இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஏழு மணிக்குப் பகல் ஷிப்ட்டு தொடங்கும் ஆலையில் வேலை செய்பவர் ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். சூரியன் எழும்போது அவர் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். அதற்கு முன் அமைதியாக ஜெபிக்க வேண்டுமானால் நாலு மணிக்கு எழ வேண்டும். இரவு ஷிப்ட்டுக்காரரின் நிலை வேறு. பிறர் எழுந்து ஜெபிக்கும் வேளையில்தான் அவர் சோர்ந்து வீடு திரும்புகிறார். அவர் உடலுக்கு அப்போது தேவை தூக்கம்.

2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தொழில் சட்டம் வார வேலை நேரத்தின் உச்சவரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. அது நல்ல மாற்றம். ஆனால் ஓவர்டைமும் பஸ் பயணமும் இரண்டாம் வேலையும் சேர்ந்துவிட்டால், மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடுகிறது.

தோட்டத்தின் மணி

இந்த நெருக்கடி ஆலையோடு தொடங்கியதல்ல. 1840களில் வெல்லெஸ்லி மாகாணம் என்று அன்று அழைக்கப்பட்ட இதே பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. தோட்டத் தொழிலாளியின் நாள் பிரட்டுக்களத்தில் தொடங்கும். இருட்டில் மணியடிக்கும், பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பார்கள். ரப்பர் மரத்தில் விடியலுக்கு முன்பும் விடிந்த உடனும்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கும். மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். ஆகவே நாளின் அமைதியான வேளையைத் தோட்டம் தனக்கே எடுத்துக்கொண்டது.

அதே பினாங்கில் இன்னொரு மணியும் ஒலித்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை 1808இல் தீவில் தன் குருமடத்தை அமைத்தது. ஆசியாவின் பல நாடுகளுக்குக் குருக்களை அனுப்பிய அந்த இடத்தில் ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் மௌனத்துக்கும் வரையறுத்த வேளைகள் இருந்தன. குருமட மாணவருக்கு ஜெப நேரம் அமைப்பு தந்த கொடை. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி யாரும் நேரம் தரவில்லை. தியானம் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், ஓய்வு இருப்பவரின் பழக்கத்தை ஓய்வு இல்லாதவர்மீது சட்டமாகச் சுமத்திவிடுவோம்.

அதிகாலை விதி எப்படி வந்தது

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவற விதி, பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி ஜெபிக்க வகுத்தது. துறவியின் நாளில் வேலையை ஜெபத்துக்கு ஏற்றபடி அமைக்க முடிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி, வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆழ்ந்திருத்தல் என்று வேத வாசிப்பை நான்கு படிகளாக விளக்கினார். இன்றும் கத்தோலிக்கர் தியான வாசிப்பைக் கற்கும்போது இந்த நான்கு படிகளையே கற்கிறார்கள்.

புரொட்டஸ்டண்டு வழியில் ஜெர்மானியப் போதகர் ஸ்பெனர் 1675இல் எழுதிய நூல், வேதத்தை வீட்டிலும் சிறு கூட்டங்களிலும் வாசிக்கும்படி வற்புறுத்தியது. அதிலிருந்து கிளைத்த பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. தரங்கம்பாடிக்கு 1706இல் மிஷனரியாக வந்த சீகன்பால்கு அந்த ஹாலே மரபிலிருந்தே வந்தார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் வாழ்ந்த மொராவியச் சபையினர் 1731 முதல் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் குறித்து அச்சிட்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. மொராவியக் குழு ஒன்று 1760இல் தரங்கம்பாடி அருகே வந்து குடியமர்ந்து சில பத்தாண்டுகள் இருந்தது. இன்று தமிழ் வீடுகளில் சுவரில் தொங்கும் தினவசன நாட்காட்டி அந்த மரபின் தூரத்து உறவு.

இன்று நாம் கேட்கும் வடிவம், அதாவது தனி மனிதர் அதிகாலையில் தனி அறையில் வேதத்தோடும் குறிப்பேட்டோடும் அமர்வது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் மாணவரிடையே வலுப்பெற்றது. அமெரிக்கரான ஜான் மோட் அதை உலகக் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் முழுவதும் பரப்பினார். 1895–96இல் அவர் இந்தியாவுக்கும் வந்து கல்லூரி மாணவரிடையே பேசினார். அன்றைய சென்னை மாணவராகவும் பின்னாளில் தோர்ணக்கல் பேராயராகவும் இருந்த வே.ச. அசரியா போன்றோர் அந்த இயக்கத்தோடு நெருங்கிப் பழகியவர்கள். அந்த மாணவர்களுக்கு விடுதி அறை இருந்தது. விளக்கு, மேசை, எட்டு மணிக்குமேல் தொடங்கும் வகுப்பு எல்லாம் இருந்தன. பழக்கம் அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தியது. அதன் பலனை நாம் மதிக்கலாம். ஆனால் அது பிறந்த சூழல் நம்முடையதல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேதம் காட்டும் வேளைகள்

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபித்தார். இந்தப் பகுதி மட்டும் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் மத்தேயு 14இல் அவர் மாலையில் மலைமேல் தனித்திருக்கிறார். லூக்கா 6இல் இரவு முழுவதும் ஜெபிக்கிறார். தானியேல் நாளுக்கு மூன்று முறை மண்டியிட்டார். 119ஆம் சங்கீதம் ஒரே பாட்டில் பகலில் ஏழு முறையையும் இரவின் சாமங்களையும் பேசுகிறது. பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள். 134ஆம் சங்கீதமோ இரவில் ஆலயத்தில் பணி செய்பவர்களை நோக்கியே பாடப்பட்டது.

இவற்றைவிட ஜுரு மக்களுக்கு நெருக்கமான பகுதி மாற்கு 6ஆம் அதிகாரம். வந்தவரும் போனவருமாக ஆட்கள் நெருக்கியதால் சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. இயேசு அவர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாற அழைக்கிறார். படகேறிப் போகிறார்கள், அவர்களுக்கு முன்பே கூட்டம் அங்கே வந்து நிற்கிறது. இயேசு அந்தக் கூட்டத்தைத் துரத்தவில்லை, மனமிரங்கிப் போதிக்கிறார். தேடிப் போன அமைதி தடைபட்டதை வேதம் மறைக்காமல் சொல்கிறது. பின்னர், கூட்டம் கலைந்த பிறகு, அவர் மீண்டும் தனிமையைத் தேடி மலைக்குப் போகிறார். குழந்தை அழுததால் பாதியில் எழுந்த தாயும், ஓவர்டைமுக்குக் கூப்பிடப்பட்ட தகப்பனும் இந்த அதிகாரத்துக்குள் தங்களைக் காணலாம். தடைபட்ட நேரத்தை அதே நாளில் இன்னொரு வேளையில் மீட்டுக்கொள்ள முடியும்.

முன்னோர் வாசித்த விதம்

தமிழ்ச் சபையின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஹாலேயிலிருந்து வந்த பெரிய எழுத்துகள் காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அரிய பொருளாகவே வேதப் புத்தகம் தமிழரிடம் வந்தது. எழுத்தறிந்தவர் சிலர், மற்றவர் அனைவரும் காதால் வேதம் கற்றார்கள். உபதேசியார் வீடு வீடாகப் போய் வாசிப்பார். கேட்டவர்கள் மனப்பாடம் செய்வார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களில் காலையிலும் மாலையிலும் மணியடித்து ஜெபத்துக்குக் கூடும் வழக்கம் இருந்தது. பனையேறிகள் விடியலிலும் மாலையிலும் மரத்தில் இருக்க வேண்டியவர்கள். ஊரின் ஜெபமும் அந்த மரத்தின் நேரத்தை அனுசரித்தே நடக்க வேண்டியிருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், புத்தகம் திறக்க முடியாதவரின் வாயிலும் வேதத்தை வைத்தன.

கடல் கடந்தபோதும் இது தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெல்லெஸ்லி மாகாணத் தோட்டங்களில் ஆங்கிலிக்கன் மிஷன் தமிழ் உபதேசியார்களைக் கொண்டே ஊழியம் செய்தது. பின்னர் மெதடிஸ்டுகளும், தமிழ் லுத்தரன் சபையிலிருந்து வந்தவர்களும் மலாயாவில் தமிழ்ச் சபைகளை வளர்த்தார்கள். ஜுருவுக்கு அடுத்த புக்கிட் மெர்தாஜாமில் 1846இல் தொடங்கிய புனித அன்னாள் ஆலயம் ஒவ்வொரு ஜூலைத் திருநாளிலும் நாடெங்கிலுமிருந்து தமிழ்க் கத்தோலிக்கரையும் ஈர்க்கிறது. தோட்டத்து மக்கள் ஜெபமாலையை வேலைக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிட முடிந்தது. அதற்குப் புத்தகமோ விளக்கோ தேவையில்லை.

இந்த வரலாற்றில் தனித்தியானம் கூட்டு வாசிப்பின் கனியாகவே வந்தது. முதலில் வீடு கூடிக் கேட்டது. கேட்டதை ஒவ்வொருவரும் வேலைக்கு நடுவே மனத்தில் அசைபோட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக் குடும்ப ஜெபம் நம் வீடுகளில் தளர்ந்தபோது, தனித்தியானத்தைத் தாங்கிய தூணும் சாய்ந்தது. இப்போது முழுப் பாரத்தையும் தனி மனிதரின் மன உறுதிமேல் ஏற்றிவைத்திருக்கிறோம்.

எவ்வளவு வாசிப்பது

அளவு பற்றியும் தெளிவு வேண்டும். புரொட்டஸ்டண்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செய்ன் 1842இல் தம் சபைக்கு வகுத்த திட்டம் இதற்கும் மேலே போனது: பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. தினமும் ஏறக்குறைய நான்கு அதிகாரம். அவரே அதில் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்று எச்சரித்தார். பலர் பிப்ரவரியில் லேவியராகமத்தோடு நின்றுவிடுவது திட்டத்தின் சுமையால்தான்.

வேறொரு கணக்கு உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். வாரத்துக்கு இரண்டு நாள் மிச்சமாகவே இருக்கும். ஷிப்ட்டு மாறும் நாளையும் ஓய்வு நாளையும் அந்த இரண்டில் வைத்துக்கொள்ளலாம். நிதானமாக வாய்விட்டு வாசித்தாலும் பெரும்பாலான அதிகாரங்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாசித்ததில் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஜெபித்தால் கால் மணி நேரம். இதைச் சிறியது என்று எண்ண வேண்டாம். ஆண்டு முழுவதும் செய்தால் புதிய ஏற்பாடு முழுவதும் ஒருவருடைய சொந்தமாகிறது.

கத்தோலிக்கருக்கு இன்னும் வசதியான வழி உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், பொதுநிலையினர் அனைவரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அன்றன்றைய திருப்பலி வாசகங்களும் திருப்புகழ்மாலையும் ஆயத்தமான திட்டங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய தமிழில் இருப்பதால் இளையோரும் தடுக்காமல் வாசிக்கலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாயிருப்பதாலேயே பல மலேசிய இளைஞர் வேதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒன்றாக வாசிக்க, எல்லாருக்கும் புரியும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு அவசியம்.

பழக்கம் வேரூன்றும் விதம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு 18 முதல் 254 நாள் வரை ஆனது. நடு அளவு 66 நாள். ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தம் புதிய செயலை நாள்தோறும் நடக்கும் ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்தே செய்தார்கள்.

ஷிப்ட்டுத் தொழிலாளிக்கு இது முக்கியமானது. "காலை ஐந்து மணி" என்பது அவருக்கு ஒரு வாரம் எழும் நேரம். மறுவாரம் வேலையின் நடு. கடிகாரத்தோடு கட்டிய ஜெபம் ஷிப்ட்டு மாறும்போது அறுந்துவிடும். ஷிப்ட்டு எதுவானாலும் மாறாத நிகழ்ச்சிகள் உண்டு: வேலையிலிருந்து வந்து குளிப்பது, சாப்பிட உட்காருவது, சீருடை மாற்றுவது, பஸ் ஏறுவது. "குளித்து வந்ததும், சாப்பிடும் முன், ஓர் அதிகாரம்" என்று கட்டினால் அது பகல் ஷிப்ட்டிலும் இரவு ஷிப்ட்டிலும் ஒன்றுபோல நிற்கும். தூங்கி எழுந்த உடனே மூளை தெளிய கால் மணி, அரை மணி ஆகலாம். ஆகவே எழுந்த நொடியில் வாசித்தது மனத்தில் நிற்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பஸ் பயணத்தில் ஒலி வேதாகமம் கேட்கலாம். கைபேசியில் வாசிப்பவர் அந்தக் கால் மணி நேரம் மற்ற அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது நல்லது. வீட்டில் அச்சுப் பிரதி ஒன்று எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பது அதைவிட நல்லது. பிள்ளைகள் பெற்றோர் வாசிப்பதைப் பார்த்தே கற்கிறார்கள்.

சபையின் கடமை

1727இல் ஹெர்ன்ஹூட்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு இரவும் பகலும் ஜெபம் ஓயாதபடி பார்த்துக்கொண்டார்கள். அது பல தலைமுறை தொடர்ந்தது. நம் சபைகளிலும் சங்கிலி ஜெபம் நடக்கிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, உபவாச நாளில். ஷிப்ட்டு ஊரான ஜுருவில் அதை வாரந்தோறும் நடத்த முடியும். இரவு மூன்று மணிக்கு இடைவேளையில் இருக்கும் ஒரு சகோதரி, ஊரே தூங்கும் வேளையில் ஐந்து நிமிடம் சபைக்காக ஜெபிக்கலாம். இதுவரை தடையாகத் தோன்றிய அவருடைய வேலை நேரம், பிறர் செய்ய முடியாத ஊழியமாக மாறும். தளர்ந்த மனத்துக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் ஏது?

அதற்குப் போதகர்களும் பங்குக் குருக்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆண்டு வாசிப்புத் திட்டத்தை அச்சிடும் முன் சபை மக்களின் ஷிப்ட்டு அட்டவணையைக் கேட்டறிய வேண்டும். ஐந்து நாள் வாசிப்பு, இரண்டு நாள் ஓய்வு என்ற அமைப்பைச் சபை முழுவதற்கும் பொதுவாக்கலாம். வேலையிலிருந்து வருபவர் எந்த நேரத்தில் வந்தாலும் வீட்டில் உள்ளவர் அன்றைய அதிகாரத்தை அவருக்கு வாசித்துக்காட்டும் வழக்கத்தைப் பழக்கலாம். நம் முன்னோரின் வீடுகளில் நடந்தது அதுதான். ஒரே ஷிப்ட்டில் இருப்பவர்களை இருவர் இருவராக இணைத்து, வாசித்ததைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். மேடையிலிருந்து அதிகாலையைப் பற்றிப் பேசும்போது, அப்போதுதான் வீடு திரும்பும் விசுவாசியையும் மனத்தில் வைத்துப் பேச வேண்டும்.

அன்றாடத் தியானம் கிறிஸ்தவ வாழ்வின் உயிர்நாடி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவேதான் அதை ஓய்வுள்ளவர்களின் உடைமையாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். கரும்புத் தோட்டத்திலும் ரப்பர் நிரையிலும் வேலை நேரம் போக மிச்சமானதைக் கொண்டே நம் பாட்டன் பாட்டிமார் விசுவாசத்தைக் காத்து நம் கையில் தந்தார்கள். அவர்களுக்குத் துணையாய் இருந்தது ஒரு வீடும் ஒரு சபையும் ஒரு வாசிக்கும் குரலும். அந்த மூன்றையும் ஜுருவின் ஷிப்ட்டுக் குடும்பங்களுக்கு மீண்டும் அமைத்துத் தர இன்றைய சபையால் முடியும். அடுத்த ஆண்டுக்கான திட்டம் வகுக்கும் கூட்டத்திலேயே அதைத் தொடங்கலாம்.